கடைசி எண்ணைப் பார்த்து மோட்டார் வாங்குங்கள்

பொழுதுபோக்கு ராக்கெட் விடுகிறவர்கள் அதிகம் கையாளும் மோட்டார் ஒரு விரல் அளவுதான் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், எடை சுமார் 24 கிராம். பழுப்பு நிறக் காகிதக் குழாய், ஒரு முனையில் களிமண், அதன் நடுவே சிறு துளை. பக்கவாட்டில் அச்சடித்திருப்பது சி6-5. இதை முதல்முறை கையில் எடுக்கும் யாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு உயரம் போகும்?" அதனால் கண் நேராக அந்த எழுத்துக்குப் போகிறது. சி-யை விட டி பெரியது, டி-யை விட ஈ பெரியது. குழாய்க்குள் நுழைகிறவற்றில் பெரியதாகப் பார்த்து ஒன்றை வாங்கிவிடுகிறார்கள்.

நான் இந்தக் குறியைப் பின்னாலிருந்துதான் படிப்பேன். ராக்கெட் முழுசாகத் திரும்பி வருமா என்பது கடைசி எண்ணில் இருக்கிறது. நேராகக் கிளம்புமா என்பது நடு எண்ணில் இருக்கிறது. எழுத்து சொல்வது உயரத்தை. உயரம் கொஞ்சம் குறைந்தால் குடிமுழுகிப் போகாது. மற்ற இரண்டில் ஒன்று தவறினால் ராக்கெட் போச்சு.

ஏன் என்று புரிய, மோட்டாரின் உள்ளே பார்க்க வேண்டும். நிஜமாகவே அறுத்துப் பார்க்க வேண்டாம், மனதுக்குள் நெடுக்காகப் பிளந்தால் போதும். அடியில் களிமண்ணை அழுத்திச் செய்த நாசில், அதாவது வாயு பீறிட்டு வெளியேறும் வாய். அதற்கு மேல் கருமருந்து, அதாவது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த அந்தப் பழைய கலவை, கல் மாதிரி இறுகும்வரை அழுத்தியது. அதற்கு மேல் தாமத மருந்து. இது தள்ளாது, புகைந்துகொண்டு மெதுவாக எரியும். அதற்கும் மேலே சிட்டிகை அளவு தளர்ந்த தூள், அதை மூட மெல்லிய களிமண் மூடி. மொத்தம் ஐந்து அடுக்கு. கீழிருந்து மேலே ஒன்றன்பின் ஒன்றாகத் தீ ஏறும்.

கருமருந்தின் அடியில் ஒரு சிறு குழி விட்டிருப்பார்கள். அதனால் பற்றிய உடனே எரியும் பரப்பு அதிகம், தள்ளும் விசையும் அதிகம். சி6-இல் ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் விசை 14 நியூட்டன் வரை எகிறும். குழி தீர்ந்ததும் நாலரை, ஐந்து நியூட்டனுக்கு இறங்கி, ஏறக்குறைய 1.9 வினாடி வரை அதே அளவில் ஓடும். பிறகு தாமத மருந்து ஐந்து வினாடி புகையும். கடைசியில் மேலேயுள்ள தூள் 'டப்' என்று வெடித்து, மூக்குக் கூம்பைத் தள்ளிவிட்டுப் பாராசூட்டை வெளியே எறியும். அந்த 5-தான் கடைசி எண்.

இனி அந்த ஐந்து வினாடிக்கு வருவோம். மருந்து தீர்ந்ததும் ராக்கெட் நின்றுவிடாது, பெற்ற வேகத்தில் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். ஈர்ப்பும் காற்றும் அந்த வேகத்தைத் தின்று முடிக்கும் இடம்தான் உச்சி. அங்கே ராக்கெட் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். பாராசூட் விரிய அதைவிட நல்ல நேரம் கிடையாது. இரண்டு வினாடி தாமதமானால்? ராக்கெட் திரும்பி மூக்கு கீழாக விழத் தொடங்கியிருக்கும். அப்போது அதன் வேகம் வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ஓடும் பைக்கின் பின்னால் பாராசூட்டைக் கட்டிச் சட்டென்று விரித்தால் என்ன ஆகும்? அதேதான் அங்கேயும். பாராசூட் கிழியும். அது கிழியாவிட்டால், அதைக் கட்டியிருக்கும் கயிறு அட்டைக் குழாயின் விளிம்பை அறுத்துக்கொண்டு இறங்கும். அந்த நீளக் கிழிசலுக்கு ஜிப்பர் என்றே பெயர். இரண்டு வினாடி முன்னால் விரிந்தாலும் கணக்கு கிட்டத்தட்ட அதுதான், அப்போது ராக்கெட் மேல்நோக்கி அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

சி6 மோட்டாரே 3, 5, 7 என்று மூன்று தாமதங்களில் வருவது இதனால்தான். கனமான ராக்கெட் அதிக வேகம் பிடிக்காது, சீக்கிரம் உச்சிக்கு வந்துவிடும், அதற்கு 3. மெலிந்து வழுக்கிக்கொண்டு போகும் லேசான ராக்கெட் வெகுநேரம் ஏறும், அதற்கு 7. ஆனால் லேசாக இருப்பது மட்டும் போதாது. இறகை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் கையை விட்டதும் நின்றுவிடும் அல்லவா? தடித்த, லேசான ராக்கெட்டும் அப்படித்தான், அதற்கும் குறைந்த தாமதமே சரி. இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் நான் குறைவானதையே எடுப்பேன். முன்னதாக விரிந்தால் ஒரு பாராசூட்தான் போகும். தாமதமாக விரியும்போது நடுவில் தரை வந்துவிடலாம்.

எனக்கு அப்படி வந்தது. பெட்டியில் போட்டிருந்த எடை 85 கிராம், அதை நம்பி சி6-5 போட்டேன். அதற்குள் நான் துடுப்புகளுக்குத் தாராளமாகப் பசை வைத்து, மூன்று பூச்சு பெயின்ட் அடித்து, கூம்பில் கொஞ்சம் களிமண்ணும் திணித்திருந்தேன். பிறகு தராசில் வைத்துப் பார்த்தபோது 130 கிராம். ராக்கெட் சோம்பலாகக் கிளம்பி, காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி, வில்லாக வளைந்து, ஈர மண்ணில் கூம்பு மறையும்வரை குத்தி நின்றது. அரை வினாடி கழித்து மண்ணுக்குள்ளிருந்து 'டப்'. மோட்டார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

கடைசி எண் பூஜ்யமாக இருந்தால் அது வேறு சரக்கு. சி6-0 என்றால் தாமதம் பூஜ்ய வினாடி என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் தாமத மருந்தும் கிடையாது, பாராசூட்டைத் தள்ளும் தூளும் கிடையாது. பல கட்ட ராக்கெட்டின் கீழ்க்கட்டத்துக்கானது அது. மருந்து தீரும் தருணத்தில் எரியும் துகள்கள் மேல்பக்கம் பாய்ந்து அடுத்த மோட்டாரைப் பற்றவைக்கும். எண்ணுக்குப் பதிலாக 'பி' என்ற எழுத்து இருந்தால் மேல்முனை முழுவதும் அடைத்தது, எதுவும் மேலே வராது. உயரமானி கொண்ட மின்னணுக் கருவியே உச்சியைக் கண்டுபிடித்துப் பாராசூட்டை விரிக்கும் பெரிய ராக்கெட்டுகளுக்கு அது.

நடு எண்ணுக்கு வருவோம். அது சராசரி விசை, நியூட்டன் கணக்கில். ஒரு நியூட்டன் என்றால் ஏறக்குறைய 102 கிராம் எடையைத் தாங்கிப் பிடிக்கும் விசை. கிளம்பும்போது மோட்டாரையும் சேர்த்து ராக்கெட்டின் எடை எவ்வளவோ, அதைப்போல் ஐந்து மடங்கு விசை வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் கையாளும் விதி. ஆறு நியூட்டனை ஐந்தால் வகுத்தால் 1.2, அதாவது சுமார் 122 கிராம். சி6-5-க்குத் தயாரிப்பாளர் தரும் உச்ச எடை 113 கிராம். விதியும் இதுவும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன.

ஏன் ஐந்து? ராக்கெட்டின் துடுப்பு, காற்று வேகமாக ஓடினால்தான் வேலை செய்யும். நின்ற இடத்தில் துடுப்பு வெறும் அலங்காரம். அதனால் முதல் ஒரு மீட்டருக்கு ஒரு கம்பியோ தண்டவாளமோ அதைப் பிடித்து வழிநடத்துகிறது. கம்பியை விடும்போது வினாடிக்கு 13 முதல் 15 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் ஒரு சின்னக் காற்று போதும் மூக்கைத் திருப்ப. சி6 போட்ட 90 கிராம் ராக்கெட் ஒரு மீட்டர் கம்பியை ஏறக்குறைய 0.2 வினாடியில் கடக்கிறது. மேலே சொன்ன 14 நியூட்டன் உச்சம் வரும் நேரமும் அதுதான். கம்பியில் இருக்கும்போது ராக்கெட்டைத் தள்ளுவது சராசரி விசை அல்ல, இந்த ஆரம்ப உதை.

இன்னொரு விஷயம். சி6 என்று போட்டிருந்தாலும் சோதனைக்கூடத்தில் அளந்தால் அதன் சராசரி ஐந்து நியூட்டனைத் தொடுவதில்லை. பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே அச்சடித்த எண்ணைத் தோராயமாக எடுத்துக்கொண்டு, தயாரிப்பாளர் தரும் உச்ச எடையையும் விசை வரைபடத்தையும் பாருங்கள். அந்த உச்ச எடைக்கும் கடைசி எண்ணுக்கும் தொடர்பு உண்டு. டி12-3 மோட்டாருக்கு 396 கிராம் வரை அனுமதி, அதே டி12-இல் தாமதம் 5 ஆனால் 283 கிராம்தான். விசை ஒன்றே. ஆனால் 396 கிராம் ராக்கெட் ஐந்து வினாடி காத்திருக்கும் அளவுக்கு உயரம் போகாது. இந்த 396 ஐந்து மடங்கு விதிக்கு உட்படவில்லையே என்று கேட்கலாம். டி12-இன் ஆரம்ப உதை 30 நியூட்டனை ஒட்டி வருவதால் கம்பியைத் தாண்டிவிடும். காற்றே இல்லாத காலையில் சரி. மற்ற நேரத்தில் நான் அந்த எல்லைக்குப் போக மாட்டேன்.

நடு எண் எவ்வளவு வேறுபாடு செய்யும் என்று பார்க்கப் பெரிய மோட்டார்தான் தோது. 120 நியூட்டன்-வினாடி கொண்ட இரண்டு ஜி மோட்டார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 40 நியூட்டனில் மூன்று வினாடி எரியும், மற்றது 80 நியூட்டனில் ஒன்றரை வினாடி. மொத்தத் தெம்பு இரண்டிலும் ஒன்றே. 700 கிராம் ராக்கெட்டுக்கு 35 நியூட்டன் போதும், எதை வேண்டுமானாலும் போடலாம். மெதுவாக எரிவதில் காற்றின் எதிர்ப்பு குறைவு, பார்க்கவும் அழகு. 1.4 கிலோ ராக்கெட்டுக்கு ஏறக்குறைய 70 நியூட்டன் வேண்டும். அங்கே முதல் ஜி-யைப் போட்டால் ராக்கெட் யோசித்துக்கொண்டே கிளம்பி எங்கேயாவது சாயும்.

எழுத்துக்குச் சுருக்கமான விளக்கம் போதும். விசையையும் எரியும் நேரத்தையும் பெருக்கினால் வரும் மொத்தத்தை அது குறிக்கிறது. ஏ என்றால் 2.5 நியூட்டன்-வினாடி வரை, பி 5 வரை, சி 10, டி 20, ஈ 40, எஃப் 80, ஜி 160. ஒவ்வொரு படியும் முந்தையதன் இரட்டிப்பு. ஆனால் எழுத்து குறிப்பது ஒரு வரம்பைத்தான். 10.01 இருந்தாலும் டி, 20 இருந்தாலும் டி. மேலே சொன்ன டி12-இல் உண்மையில் இருப்பது சுமார் 17. ஒரு எழுத்து ஏறினால் உயரமும் இரட்டிக்கும் என்று நம்ப வேண்டாம். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், கூடுதல் மருந்தில் ஒரு பங்கைக் காற்றே சாப்பிட்டுவிடும். ஜி-க்கு மேலே எச் முதல் உயர்சக்தி ராக்கெட் என்ற தனி உலகம். அங்கே சங்கங்கள் வைக்கும் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் மோட்டாரே விற்பார்கள்.

எழுத்தைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் ஆசையல்ல, உங்களிடம் இருக்கும் திடல். அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிகள் திடலின் குறுகிய பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கின்றன: ஏ-க்கு 30 மீட்டர், பி-க்கு 60, சி-க்கு 120, டி-க்கு 150, ஈ முதல் ஜி வரை 300. இவை குறைந்தபட்ச அளவுகள். பாராசூட் விரிந்த பிறகு ராக்கெட் காற்றின் சொத்து, எந்த மரத்தில் உட்கார வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். எந்தப் புது ராக்கெட்டையும் அதைத் தூக்கக்கூடிய ஆகச் சிறிய மோட்டாரில் முதலில் விட்டுப் பாருங்கள். எப்படி நடந்துகொள்கிறது என்பது கண்ணுக்கு எட்டும் உயரத்தில் தெரிந்துவிடும்.

பெரிய மோட்டாருக்கு மாறும்போது பலர் மறப்பது எடை எங்கே ஏறுகிறது என்பதை. மோட்டார் வாலில் இருக்கிறது. 24 கிராம் இருந்த இடத்தில் 40 கிராமுக்கு மேல் வந்தால் ராக்கெட்டின் சமநிலைப் புள்ளி பின்னால் நகரும். காற்றின் அழுத்தம் மையம் கொள்ளும் புள்ளிக்கு, குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் சமநிலைப் புள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராக்கெட் வானத்தில் குட்டிக்கரணம் போடும். மோட்டாரைச் செருகி, நூலில் தொங்கவிட்டு, எங்கே சமமாக நிற்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகும். ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இதையும், கம்பியை விடும் வேகத்தையும், எந்தத் தாமதம் பொருந்தும் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டுத் தருகிறது. ஆனால் நீங்கள் தராசில் நிறுத்த உண்மையான எடையை அதில் போட வேண்டும். நான் 85 என்று போட்டிருந்தால் அதுவும் என்னோடு சேர்ந்து ஏமாந்திருக்கும்.

இவ்வளவு தொல்லைக்கு மோட்டாரையே வீட்டில் செய்துகொண்டால் என்ன என்று ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் தோன்றும். இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே அந்த எண்ணத்தை ஒழிக்கத்தான். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் போனதும் அமெரிக்கச் சிறுவர்கள் இரும்புக் குழாயில் கண்டதைத் திணித்துப் பற்றவைத்து விரல்களையும் கண்களையும் இழந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் வாணவேடிக்கைப் பித்தால் ஒரு வழி கண்டிருந்தார்: காகிதமும் பால்சா கட்டையும் கொண்ட லேசான ராக்கெட், அதில் செருகி எடுக்கக்கூடிய தயார் மோட்டார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், சிறுவர் ராக்கெட் விபத்துகளைப் பற்றி எழுதியதைப் பார்த்துக் கார்லைல் தன் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். ஸ்டைன் கம்பெனி தொடங்கினார், ஆனால் போதுமான மோட்டார் கிடைக்கவில்லை. கொலராடோவின் வெர்ன் எஸ்டஸ் மோட்டார்களை அழுத்தித் தள்ளும் தானியங்கி எந்திரம் ஒன்றைச் செய்து அதற்கு மேபெல் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு மோட்டாரும் ஒரே மாதிரி எரிவது அந்த எந்திரத்தால் வந்தது. கடைசி எண்ணுக்குப் பொருள் வந்ததும் அதனால்தான், கையால் இடித்த மருந்தில் எந்த ஐந்து வினாடியும் ஐந்தாக இருக்காது. தீர்ந்த காகிதக் கூட்டில் மறுபடி மருந்து அடைக்கும் யோசனைக்கும் இதே பதில்.

மோட்டாரில் இரண்டு சாதி. கருமருந்து பற்றி இதுவரை பேசினோம். மற்றது காம்போசிட்: அமோனியம் பெர்குளோரேட், பெரும்பாலும் அலுமினியத் தூள், இரண்டையும் பிடித்துவைக்கும் ரப்பர். ஒரே எடைக்குக் கருமருந்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தெம்பு. ஈ, எஃப் தாண்டியவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். இதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு துளை ஓடும், துளையின் சுவர் முழுவதும் எரியும். ஆகவே மின்சாரத்தில் பற்றவைக்கும் சிறு கம்பியான இக்னைட்டரை நாசிலில் செருகி நிறுத்தினால் போதாது, உள்ளே மேல்முனை இடிக்கும்வரை தள்ள வேண்டும். பாதியில் நின்றால் கீழே மட்டும் பற்றி, 'புஸ்... புஸ்...' என்று விட்டுவிட்டு இருமும். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காம்போசிட்டில் தாமத மருந்து, பற்றிய நொடியிலேயே எரியத் தொடங்கிவிடுகிறது. ஏவுமேடையில் இருமிக்கொண்டு நின்ற நேரம் முழுவதும் கடைசி எண்ணிலிருந்து கழிந்துகொண்டிருக்கும். அப்புறம் அது கிளம்பினால், பாராசூட் ஏறும் வழியிலேயே விரியும்.

அலுமினியக் கூட்டில் மருந்தை மட்டும் மாற்றிப் போடும் ரீலோடு மோட்டார்கள் அடிக்கடி விடுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் அதைக் கோப்பது பிரஷர் குக்கர் கேஸ்கெட் போடுவது மாதிரி, ஓ-ரிங் ஒன்று கோணலாக உட்கார்ந்தால் சூடான வாயு அந்த வழியே கூட்டை உருக்கிவிடும். பேசிக்கொண்டே கோக்க வேண்டாம்.

கருமருந்தின் எதிரி வெப்பநிலை மாற்றம். அழுத்திய மருந்து காகிதக் கூட்டின் சுவரோடு ஒட்டியிருப்பதால்தான் அடியிலிருந்து ஒழுங்காக எரிகிறது. வெயிலில் நிறுத்திய காரில் ஒரு நாள் கிடந்து இரவில் ஆறினால் மருந்தும் கூடும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, நடுவே மயிரிழை இடைவெளி விழும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பற்றவைத்ததும் தீ அந்த இடைவெளியில் ஓடி மருந்தின் பக்கவாட்டையும் பிடிக்கும், அழுத்தம் எகிறும், மருந்துக்கட்டி மேல்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ராக்கெட்டுக்குள் புகும். ஆங்கிலத்தில் இதற்கு கேட்டோ என்று செல்லப்பெயர். பழைய மோட்டார் என்பதால் பயப்பட வேண்டாம், எங்கே கிடந்த மோட்டார் என்பதே கேள்வி. காற்றுப்புகாத டப்பாவில், வீட்டின் குளிர்ந்த மூலையில் இருந்தவை பல ஆண்டுகள் கழித்தும் ஒழுங்காகப் பறக்கும்.

கடைசியாக, பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்காத நேரம். அது நிச்சயம் வரும். ஏவு கருவியின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு 60 வினாடி நில்லுங்கள், யாரும் மேடைப் பக்கம் போகக் கூடாது. பிறகு போய் இக்னைட்டரை உருவி அதன் நுனியைப் பாருங்கள். நுனி கருகியிருந்தால் அது வேலை செய்திருக்கிறது, ஆனால் மருந்தைத் தொடவில்லை. புது இக்னைட்டரை மருந்தில் இடிக்கும்வரை தள்ளி, பிளாஸ்டிக் அடைப்பானை இறுக்கிச் செருகினால் கிளம்பிவிடும். நுனி புதுசு மாதிரியே இருந்தால் மின்சாரம் அதுவரை வரவே இல்லை. அப்போது மோட்டாரைத் தொடாதீர்கள், இக்னைட்டரைக் கவ்வும் இரண்டு கிளிப்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள், அடுத்து கிளிப்பில் படிந்திருக்கும் கரியை உப்புத்தாளால் தேயுங்கள். பேட்டரியை அதற்கு அப்புறம் சந்தேகப்படலாம்.